காலையில் விரல் மடங்காதபோது யாரைக் கூப்பிடுகிறீர்கள்?

பகுதி: மலையகம் › உடல்நலம்

பிள்ளைமடுவத்து அக்கா (தலவாக்கலைப் பக்கம்)
ஞாயிறு, இரவு 8.10

எல்லோருக்கும் வணக்கம். இது கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். விரல் வலிக்கும்போது விட்டுவிட்டு, இரண்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன்.

எனக்கு முடக்குவாதம். எங்கள் அம்மா காலத்தில் சரவாங்கி என்பார்கள். 16 வருசம் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தேன். ஆரம்பத்தில் காலையில் விரல் விறைத்துக் கிடந்தபோது பனி என்றுதான் நினைத்தேன். எங்கள் பக்கத்துக் குளிரில் யாருக்குத்தான் விரல் விறைக்காது? ஆனால் மற்றவர்களுக்கு ஒரு சாயத்தண்ணி குடித்ததும் விட்டுவிடும். எனக்குப் பத்து மணி ஆகும். அதுவும் இரண்டு கையிலும் ஒரே விரல்கள், ஒரே கணுக்கள். கொழுந்து ஒடிக்கப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் வேண்டும். அந்த இரண்டும்தான் முதலில் போயின. கிலோ குறைந்தது, கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். சோம்பேறி என்ற பேச்சும் கேட்டேன். வீட்டில் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மாமியார் ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்து மாவை வாங்கிப் பிசைவார். அதுதான் எனக்கு அதைவிட வலித்தது.

தோட்ட டிஸ்பென்சரியில் வலி மாத்திரை தந்தார்கள். தின்றால் ஒரு நாள் ஓடும். இரண்டு வருசம் அப்படியே ஓட்டினேன். பிறகுதான் கண்டிக்குப் போய், இரத்தம் சோதித்து, பெயர் தெரிந்தது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டைத் தாக்குகிற நோய் என்று டொக்டர் விளக்கினார். பனியால் வந்ததில்லை, தண்ணீரில் நின்றதால் வந்ததில்லை, யாருக்கும் தொற்றாது என்றும் சொன்னார். அந்த மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதித் தரச் சொல்ல வேண்டும் போலிருந்தது, லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் காட்டுவதற்கு.

நான் சொல்ல வந்தது இதற்கு அப்புறம் நடந்தது. கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருந்தபோது தண்ணீர்ப் போத்தல் மூடி எனக்குத் திறக்கவில்லை. பக்கத்திலிருந்த அக்காவிடம் கொடுத்தேன். அவருக்கும் முடியவில்லை. அதற்கு அடுத்தவர் வாங்கிப் பல்லால் கடித்துத் திறந்தார். மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தோம். அதே விரல், அதே கணு. மூன்று வருசத்தில் முதல்தடவையாக யாருக்கும் எதையும் நிரூபிக்காமல் அன்றைக்குத் தண்ணீர் குடித்தேன்.

அன்று நம்பர் மாற்றிக்கொண்டோம். ஏழு பேரோடு வாட்ஸ்அப் குரூப் ஆனது. இன்று 34 பேர். பொகவந்தலாவை, மஸ்கெலியா, இராகலை, ஹப்புத்தளை, பதுளை என்று எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். கம்பளையிலிருந்து ஒரு சிங்கள அக்காவும் இருக்கிறார். ‘கம்பளை அக்கே’ என்றுதான் கூப்பிடுகிறோம். கிளினிக்கில் சிங்களத்தில் நம்பர் கூப்பிட்டால் அவர்தான் எங்களை எழுப்பி விடுவார்.

குரூப்பில் காலையில் யாரும் ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்பதில்லை. அதற்குச் ‘சுகம்’ என்று சொல்லியே பழகிவிட்டோம். நாங்கள் மூன்று சொல் வைத்திருக்கிறோம். மா பிசைய முடிந்தால் ‘ரொட்டி’. பிசைய முடியாது, ஆனால் சட்டி தூக்கலாம் என்றால் ‘சோறு’. ஒன்றுமே முடியாது, கடையில் வாங்கித்தான் தின்ன வேண்டும் என்றால் ‘பாண்’. ஆறு மணிக்கு 34 பேரில் யாராவது ‘பாண்’ என்று போட்டால், ஒருவர் கட்டாயம் கூப்பிட்டுப் பேசுவார். பேச ஏதும் இல்லாவிட்டால் அங்கே மழையா, இங்கே மழையா என்றாவது பேசுவார்.

உங்களுக்கும் இப்படி நீண்ட நாள் நோய் இருந்தால், யார் இருக்கிறார்கள் உங்களுக்கு? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை. சிக்னலே இல்லாத தோட்டங்களில் இன்னும் எத்தனை பேர் பனி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ தெரியவில்லை.

---

ஊவாக்காரன் (பண்டாரவளை)
ஞாயிறு, இரவு 9.02

அக்கா, முழுவதும் வாசித்தேன். மனதில் பட்டதைச் சொல்கிறேன், குறை நினைக்காதீர்கள்.

எனக்கு முள்ளந்தண்டில் வருகிற வாதம், அன்கைலோசிங் ஸ்பொண்டிலைட்டிஸ். 24 வயதில் தொடங்கியது. விடியப்புறம் மூன்று மணிக்கு இடுப்பு வலியில் எழும்பி முற்றத்தில் நடப்பேன். நடந்தால்தான் குறையும், படுத்தால் கூடும். ஓட்டோ ஓட்டுவதால் முதுகு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

நானும் இப்படி ஒரு குரூப்பில் இருந்தேன். ஆறு மாதத்தில் விலகிவிட்டேன். போனைத் திறந்தால் வலி, வலி, வலி. ஒருவர் கழுத்து இறுகிவிட்டது என்று எழுதுவார், அன்று முழுக்க நான் என் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன். நோயை மறந்திருக்கிற நேரமும் போய்விட்டது. எனக்கு நோய் இருக்கிறது என்றே தெரியாத நண்பர்கள் சிலர் ஸ்டாண்டில் இருக்கிறார்கள். அவர்களோடு இருக்கும்போதுதான் நான் பழைய ஆள். அந்த நட்பும் வேண்டும் என்பது என் எண்ணம்.

---

மஸ்கெலியா பிள்ளை (இப்போது கொழும்பில்)
ஞாயிறு, இரவு 9.40

அக்கா, ‘அதே விரல், அதே கணு’ என்ற இடத்தில் அழுதுவிட்டேன்.

எனக்கு லூப்பஸ். இதுவும் எதிர்ப்புச் சக்தியே தன் உடம்பைத் தாக்குகிற நோய்தான். இதில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் இளம் வயதில்தான் அதிகம் என்று டொக்டர் சொன்னார். எனக்கு 22 வயதில் தெரிந்தது. வெயில் பட்டால் கன்னத்தில் சிவந்து வரும், பின்னாலேயே காய்ச்சலும் மூட்டுவலியும். ஊரில் இருந்தபோது, ‘மலையில் எங்கே வெயில்? எப்போதும் மூட்டம்தானே’ என்பார்கள். ஆனால் மூட்டத்துக்குள்ளாலும் வெயிலின் அந்தக் கதிர் இறங்கும், உயரம் கூடக் கூட அது கூடத்தான் செய்யும் என்று பிறகு படித்தேன். நுவரெலியா டவுன் ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரம். தொப்பியும் நீளக் கையும் போட்டுக்கொண்டு கொழுந்து மலைக்குப் போன என்னைப் பார்த்து ‘தொரைச்சாணி’ என்று கூப்பிட்டார்கள்.

ஊவாக்கார அண்ணா சொல்வது எனக்கும் விளங்குகிறது. ஆனால் அண்ணா, நோயைத் தெரியாத நண்பர்கள் உங்களுக்கு இருக்கிறார்கள். எனக்கு அது கிடைக்காது. லயத்தில் சுவர் இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். நான் கொழும்புக்கு வந்ததே அதனால்தான். கல்யாணப் பேச்சு வந்து, யாரோ போய்ச் சொல்லி, நின்றுபோனது. அப்புறம் வீட்டில் யாரும் என் நோயின் பெயரைச் சொல்வதே இல்லை. ‘அது’ என்பார்கள்.

நோயின் பெயரைச் சாதாரணமாகச் சொல்கிற இடம் எனக்கு நான் இருக்கிற நோயாளர் குரூப் மட்டும்தான். 2020 இல் கொரோனாவுக்கு நல்லது என்று பேச்சுக் கிளம்பி, நாங்கள் தினமும் போடுகிற ஹைட்ரொக்சிகுளோரோகுயினுக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கிறதா? நான் போர்டிங்கில் தனியாக இருந்தேன், ஊரடங்கு. 11 மாத்திரை மிச்சம். அன்று இரவு முழுக்க என்னோடு பேசிக்கொண்டிருந்தவர் மட்டக்களப்பில் இருக்கிற, நான் நேரில் பார்த்தே இராத ஒரு அக்கா. மருந்தை அவரால் தரமுடியவில்லை. ஆனால் டொக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். இன்றுவரை எனக்கு மூத்த அக்கா அவர்தான்.

---

பிள்ளைமடுவத்து அக்கா
திங்கள், பகல் 1.15

மடுவத்தில், அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில், பிள்ளைகள் தூங்குகிற நேரம், அதனால் இப்போது எழுதுகிறேன்.

ஊவாக்காரத் தம்பி, குறை நினைக்க என்ன இருக்கிறது. நீங்கள் சொன்னது எங்கள் குரூப்பிலும் நடந்தது. போன வருசம் ஒரு மாதம் முழுக்க வலிதான் பேச்சு. ஒரு தங்கச்சி, ‘எனக்கு மூச்சு முட்டுகிறது, கொஞ்ச நாள் வெளியே இருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் யாரும் திரும்ப வா என்று நச்சரிக்கவில்லை. தீபாவளிக்கு அவரே வந்தார். அதற்கு அப்புறம்தான் அந்த ரொட்டி, சோறு, பாண் வந்தது. ஒரு சொல்லில் சொல்லியாயிற்று என்றால் மிச்சப் பேச்சு வேறு எதையாவது பற்றி இருக்கலாம் அல்லவா? இப்போது எங்கள் குரூப்பில் பாதி பிள்ளைகளின் ஸ்கொலஷிப் பரீட்சை, கோழி, யாருடைய காம்பராவில் கூரை ஒழுகுகிறது என்பவைதான்.

மஸ்கெலியாத் தங்கச்சி, உன் அம்மா ‘அது’ என்று சொல்வது வெறுப்பில் இல்லை என்று நினைக்கிறேன். எங்கள் அம்மாவும் அப்படித்தான். பெயர் சொன்னால் நோய் கேட்டுவிடும் என்ற பயம். ஆனாலும் உனக்கு வலிக்கத்தான் செய்யும். அதை நான் மறுக்கமாட்டேன்.

---

ஓய்வுபெற்ற டீச்சர் (பதுளை)
திங்கள், இரவு 7.30

நல்ல இழை. எனக்கும் முடக்குவாதம், 12 வருசம். வெண்கட்டி பிடிக்க முடியாமல்தான் முன்கூட்டியே ஓய்வு எடுத்தேன்.

நம்மைப் போன்றவர்களுக்கு நட்பு ஏன் உயிர் விஷயம் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் குழுவில் ஒரு பிள்ளை, தோட்டத்தில் வேலை. மெதோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்தார்கள். அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுகிற மருந்து என்பது உங்களில் பலருக்குத் தெரியும். உறையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது, மருந்து தந்தவர் சிங்களத்தில் சொன்னார், வரிசை நீளம். அந்தப் பிள்ளை தினமும் போட்டுவிட்டாள். எட்டாம் நாள் வாய் முழுக்கப் புண், தண்ணீர் விழுங்க முடியவில்லை, காய்ச்சல். வீட்டில் அம்மை என்று வேப்பிலை கட்டிவிட்டார்கள்.

‘வாயில் புண், சாப்பிட முடியவில்லை’ என்று குழுவில் ஒரு குரல் பதிவு போட்டாள். கேட்ட உடனே நமக்குள் ஒருவர், ‘எத்தனை மாத்திரை, எந்த நாள் போடுகிறாய்?’ என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான். அன்றிரவே 1990 என்ற நம்பருக்கு அடித்து அம்புலன்ஸில் ஏற்றினோம். இரத்த அணுக்கள் நன்றாகக் குறைந்திருந்தன. இரண்டு வாரம் வார்டில் இருந்து பிழைத்து வந்தாள்.

அவளை யாரும் குறை சொல்லவில்லை. வீட்டில் ஆயிரம் பேர் அன்பாக இருந்திருக்கலாம், அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவர்களுக்குத் தெரியாது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறு இரவும் ஒருவர் குரல் பதிவு போடுவார்: ‘இன்றைக்கு ஞாயிறு. மாத்திரை நாள். நாளைக்குக் கிடையாது.’ வேறு நாள் குறித்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கு அந்தந்த நாளில் தனியாக. எழுத வாசிக்கத் தெரியாத அம்மாமாரும் இருப்பதால் குரலில்தான்.

---

மலைநாட்டுத் தாதி
திங்கள், இரவு 10.05

நான் ஒரு தாதி உத்தியோகத்தர். டீச்சர் எழுதியது போன்ற சம்பவங்களை வார்டில் பார்த்திருக்கிறேன். மருந்து தருகிற இடத்தில் நாங்கள் தமிழில் ஒரு வரி எழுதித் தந்தால் பாதி குறையும். அதை எங்கள் பக்கத்துத் தவறாகவே ஏற்றுக்கொள்கிறேன். நான் வேலை செய்கிற இடத்தில் இப்போது உறையில் ‘ஞாயிறு மட்டும்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் என் கையால் எழுதிக் கொடுக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். குரூப்பில் ஒருவருக்கு ஒருவர் தைரியம் சொல்லுங்கள், பார்மசியில் மருந்து இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லுங்கள். ஆனால் மருந்தின் அளவை மட்டும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ சொல்லாதீர்கள். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் மாத்திரையை நீண்ட நாள் போட்டவர் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. மெதோட்ரெக்சேட் போடுகிறவருக்குக் கடும் காய்ச்சல் வந்தால் அன்றே காட்ட வேண்டும். பிள்ளை பெற நினைக்கிறவர் மாதக்கணக்கில் முன்பே டொக்டரிடம் பேச வேண்டும், மெதோட்ரெக்சேட் கருவுக்கு ஆகாது. இரத்தப் பரிசோதனைத் திகதியைத் தவறவிடாதீர்கள், உடம்பு நன்றாக இருந்தாலும். கிளினிக் கொப்பியின் எல்லாப் பக்கத்தையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்து வந்த எத்தனை கொப்பிகளை நான் பார்த்திருக்கிறேன்.

---

மனைவிக்காக (நாவலப்பிட்டி)
செவ்வாய், காலை 6.20

எனக்கு நோய் இல்லை. என் மனைவிக்கு எட்டு மாதமாக முடக்குவாதம். அவர் யாரோடும் பேசுவதில்லை, குரூப் என்றால் பயம். இந்த இழையை நேற்று இரவு அவருக்கு வாசித்துக் காட்டினேன். பிள்ளைமடுவத்து அக்கா மாவைப் பற்றி எழுதிய இடத்தில், ‘நிறுத்துங்க’ என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ‘திரும்ப வாசிங்க’ என்றார்.

நான் செய்யக்கூடியது என்ன என்று யாராவது சொல்லுங்கள். அவரிடம் கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்கிறார்.

---

மஸ்கெலியா பிள்ளை
செவ்வாய், காலை 6.55

அண்ணா, காலையில் அவர் எழும்பும்போது கை வைக்க ஒரு பேசினில் சுடுதண்ணி, கை தாங்குகிற சூட்டில். கேட்டுவிட்டு வைக்காதீர்கள், சும்மா வையுங்கள். கேட்டால் ‘வேண்டாம்’ என்றுதான் சொல்வோம்.

---

ஓய்வுபெற்ற டீச்சர்
செவ்வாய், காலை 7.40

தேங்காய் துருவுவது, விறகு கொத்துவது, தண்ணீர் தூக்குவது இந்த மூன்றும் இனி உங்கள் வேலை. போத்தல் மூடிகளை இறுக்கி மூடாதீர்கள். கதவுக் கைபிடியில் துணி சுற்றிவிடுங்கள், பிடிக்கத் தடிப்பாக இருக்கும். குந்தி எழும்புவது கஷ்டம் என்றால் கக்கூசில் பிடித்து எழும்ப ஒரு கம்பு அடித்துக் கொடுங்கள்.

இன்னொன்று. குரூப்பில் சேரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவரின் குரல் பதிவை யாரோ வெளியே அனுப்பி, அது அவருடைய நாத்தனார் காதுவரை போய், பெரிய சண்டை. ஒரு குடும்பம் பிரிகிற அளவுக்குப் போனது. அதற்குப் பிறகு ஒரே விதி வைத்தோம்: இங்கே கேட்டது இங்கேயே. மீறியவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் வெளியே. அப்படி ஒருவரை வெளியே அனுப்பவும் செய்தோம். அவர் எனக்கு நல்ல சிநேகிதி. இன்றும் மனம் கஷ்டப்படுகிறது, ஆனால் திரும்பச் சேர்க்கமாட்டேன்.

முதலில் ஒரே ஒருவரோடு பேசினால் போதும். விருப்பம் என்றால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.

---

மூலிகை வைத்தியம்
செவ்வாய், பகல் 11.00

முடக்குவாதம் 40 நாளில் அடியோடு குணம். எங்கள் சூரணம் போதும், இங்கிலீஷ் மருந்தை நிறுத்திவிடலாம். விலைக்கு இன்பொக்ஸ் வரவும்.

---

ஓய்வுபெற்ற டீச்சர்
செவ்வாய், பகல் 11.12

நிர்வாகிகளே, இதை உடனே நீக்குங்கள். நாட்டு மருந்தில் எனக்கு விரோதம் இல்லை, என் தாத்தா எண்ணெய் காய்ச்சுவார். ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்கிற யாரையும் இங்கே விடக்கூடாது. மருந்தை விட்ட ஒன்றரை வருசத்தில் விரல் கோணிப்போன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். மூட்டு ஒருமுறை அழிந்தால் அந்த எலும்பு திரும்ப வளராது.

---

ஊவாக்காரன்
செவ்வாய், இரவு 9.30

இரண்டு நாளாக இதை வாசித்துக்கொண்டிருக்கிறேன். என் எண்ணம் முழுக்க மாறவில்லை. ஆனால் டீச்சர் சொன்ன அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. ‘எத்தனை மாத்திரை, எந்த நாள்?’ ஸ்டாண்டில் இருக்கிற என் நண்பர்கள் உயிரைக் கொடுப்பார்கள், ஆனால் அந்தக் கேள்வி அவர்களுக்கு வராது. சரிதான்.

ஒன்று சொல்ல வேண்டும். 2022 இல் பெற்றோல் இல்லாமல் மூன்று நாள், நான்கு நாள் வரிசையில் கிடந்தோமே, அப்போது என் மருந்து கிளினிக்கில் இல்லை. வெளியே வாங்கக் காசும் இல்லை. வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு கல்லாகிவிட்டது. அப்போது பழைய குரூப்பிலிருந்த ஒரு அண்ணன், நான் விலகிய பிறகும் என் நம்பரை வைத்திருந்து, எந்தப் பார்மசியில் இருக்கிறது என்று செய்தி போட்டார். நான் அவருக்கு நன்றி சொல்லவே இல்லை. இன்று பகல் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் பேசினோம். அதில் முதுகைப் பற்றி ஐந்து நிமிடம்தான்.

நான் குரூப்பில் சேரமாட்டேன். ஆனால் பண்டாரவளை, தியத்தலாவை, ஹப்புத்தளைப் பக்கத்திலிருந்து பதுளைக் கிளினிக்குக்குப் போக பஸ் ஏற முடியாதவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அந்த நாளில் ஓட்டோவில் கொண்டுபோய் விடுகிறேன். பெற்றோல் காசு இருந்தால் தரட்டும், இல்லாவிட்டால் பரவாயில்லை.

---

பிள்ளைமடுவத்து அக்கா
புதன், இரவு 8.45

தம்பி, உங்கள் நம்பரைத் தனியாக அனுப்புங்கள். ஹப்புத்தளைப் பக்கம் ஒரு அம்மா இருக்கிறார், 61 வயது, இரண்டு முழங்காலும் வீங்கி நாலு மாதமாகக் கிளினிக் போகவில்லை. அடுத்த திகதி போட்ட கடிதம்கூட அவருக்குப் பிந்தித்தான் கிடைத்தது. லயத்துக்கு விலாசம் கிடையாதே, கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கே கிடந்து, யாராவது கொண்டுவந்து தந்தால்தான். இப்போது நாங்கள் ஒரு கொப்பியில் எல்லோருடைய கிளினிக் திகதியையும் எழுதி வைத்து, மூன்று நாள் முன்னால் கூப்பிட்டுச் சொல்கிறோம். அவருக்கு போன் இல்லை. பக்கத்துக் காம்பராப் பிள்ளையின் போனுக்கு அடிப்போம். அவள் கோயிலடி மேட்டுக்கு ஏறினால்தான் சிக்னல். மாலை ஐந்தரைக்கு ஏறுவாள், அந்த நேரத்துக்கு அடியுங்கள்.

நாவலப்பிட்டித் தம்பி, உங்கள் மனைவி நேற்று டீச்சரோடு பேசினார் என்று கேள்விப்பட்டேன். என்ன பேசினார் என்று டீச்சர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாளைக்கு எனக்கும் கண்டியில்தான் கிளினிக். ஹட்டனிலிருந்து விடியப்புறம் எடுக்கிற பஸ்ஸில் வருவேன், கினிகத்தேனை தாண்டி நாவலப்பிட்டிக்கு வரும்போது நன்றாக விடிந்திருக்கும். அவருக்கும் நாளைக்குத்தான் என்றால் ஸ்டாண்டில் நிற்கச் சொல்லுங்கள், முன்சீட்டில் இடம் பிடித்து வைக்கிறேன். பச்சைக் கம்பளித் தொப்பி போட்டிருப்பேன். சுடுதண்ணிப் பிளாஸ்க் கொண்டுவருகிறேன், மூடியை லேசாகத்தான் மூடியிருப்பேன்.

எனக்கு இன்றைக்குப் பாண். காலையில் கம்பளை அக்கே கூப்பிட்டுப் பேசினார். அங்கே மழையாம்.